அவையச்சமும் மறுமொழியும்

மேடையேறிய மாணவனுக்கு நா வறள்வதும் உள்ளங்கை வியர்ப்பதும் கோழைமையின் அடையாளங்கள் அல்ல. சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை மிகுதியாகச் சுரக்கும்போது எவர்க்கும் நெஞ்சு படபடக்கும். பழகிய பேச்சாளர்க்கும் அஃது உண்டு. அப்படபடப்புக்கு நடுவே ஒருவன் பேச்சைத் தொடர்வதும் மற்றொருவன் வாயடைத்து நிற்பதும் ஏன் என்பதே ஆராயத்தக்கது.

திருவள்ளுவர் அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்தார். பின்னதன் ஐந்தாம் குறள், அவையில் அஞ்சாது ‘மாற்றம்’ கொடுக்கும் பொருட்டுக் கற்கச் சொல்கிறது. மாற்றம் என்பது ஈண்டு மறுமொழி. ஒப்புவிப்பவனை அன்று, கேட்டதற்கு விடை சொல்ல வல்லவனையே அவர் கருதினார். பேச்சுப் போட்டி என்றதும் நம் பள்ளிகளில் நடப்பது வேறு. ஆசிரியர் கட்டுரை எழுதித் தருகிறார். பிள்ளை நெட்டுருச் செய்கிறது. ஒரு சொல் நழுவினால் அடுத்த சொல்லுக்கு வழியில்லை. அச்சம் அந்தத் தாளிலேயே இருக்கிறது!

காந்தியடிகள் 1891இல் இலண்டனை விட்டுப் புறப்படுமுன் நண்பர்களுக்கு விருந்தளித்தார். சில வாக்கியங்களை முன்கூட்டியே கருத்தாய் அமைத்துக்கொண்டு எழுந்தவர், முதல் வாக்கியத்தைத் தாண்ட இயலவில்லை. 1893இல் பிரிட்டோரியாவில், வணிகர் மிகுந்த இந்தியர் கூட்டத்தில் வாணிகத்தில் வாய்மை பற்றிப் பேசினார். அதையே தம் முதற் பொதுப்பேச்சு எனத் தன்வரலாற்றில் குறிக்கிறார். முன்னதற்கு வாக்கியங்களைத் தேடிவைத்தார். பின்னதற்குப் பொருளைத் தேடிவைத்தார்.

கேமரன் மலைப் பிள்ளைக்குப் பொருள் வாசலிலேயே கிடக்கிறது. பாட்டி கையால் கிள்ளிய கொழுந்தை இன்று கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுவது ஏன்? இலையை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்துவது எதற்கு? நான்கைந்து குறிப்புகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு இரண்டு நிமிடம் சொல்லட்டும். பிறகு வகுப்பு மூன்று கேள்விகள் கேட்கட்டும். வீட்டுத் தமிழ் கலந்தால் இடைமறிக்க வேண்டா, முடிந்தபின் திருத்தலாம். ஒலிபெருக்கியும் மாலையும் அப்புறம்.

போட்டியில் பரிசு போய்விடுமே என்பர் சிலர். போகட்டுமே! ஆறாம் ஆண்டு முடிந்ததும் இப்பிள்ளைகள் மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்கே எவரும் எழுதித் தரார். ஆசிரியர் கேட்பார், எழுந்து சொல்ல வேண்டும். தாய்மொழியில்கூட மறுமொழி சொல்லிப் பழகாத பிள்ளை, அறிந்த விடையையும் விழுங்கிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்துவிடுகிறது. அறியாத பிள்ளை என்ற பெயரும் ஒட்டிக்கொள்கிறது.

தோட்டப் பள்ளிகளில் வகுப்புகள் சிறியவை. வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் ஒரு மாதத்திற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வந்துவிடும்.