தானே நின்றுவிடும் பூச்சு

சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போர் அறிந்த சங்கடம் ஒன்று உண்டு. வெளிப்பரப்பில் பூச்சுத் தடித்துவிடும்; இடுக்குகளுக்கோ எட்டாது. உலோக ஆக்ஸைடுகளை ஆவியாக்கிப் படியச் செய்யும் பழைய முறையிலும் இக்குறை இருந்தது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அகலம் சில பத்து நானோமீட்டரும், ஆழம் அதைப்போல் ஐம்பது மடங்கும் உள்ள துளையில், வாய்ப்புறம் அடைபட்டுவிட்டால் அடிப்பகுதி வெறுமையாகவே நிற்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததே அணு அடுக்குப் படிவு முறை. 1960-களில் லெனின்கிராட் நகரில் அலெஸ்கோவ்ஸ்கி, கோல்ட்ஸோவ் ஆகிய ரசாயன அறிஞர்கள் இதன் அடிப்படைகளை ஆராய்ந்தனர். 1974-இல் பின்லாந்தில் துவோமோ சுந்தோலா இதனைத் தனியே உருவாக்கி, ஒளிரும் காட்சிப் பலகைகளுக்கான படலங்களை அமைக்கப் பயன்படுத்தினார்.

அலுமினியம் ஆக்ஸைடு படலத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பின்மேல் ஹைட்ராக்ஸில் தொகுதிகள் உள்ளன. டிரைமீதைல் அலுமினியம் என்னும் ஆவியைச் செலுத்தினால், அது அவற்றுடன் வினைபுரிந்து மீதேன் வாயுவை வெளியிடும். இடங்கள் தீர்ந்ததும் வினை தானே நின்றுவிடும். பெஞ்சுகள் நிறைந்த வகுப்பில், வாயிலில் எத்தனை மாணவர் காத்திருந்தாலும் அமர இடமிராது அன்றோ? இவ்வுவமை முற்றும் பொருந்துவதன்று. பருத்த மீதைல் தொகுதிகள் அண்டை இடங்களையும் மறைத்துக்கொள்வதால், ஒரு சுற்றில் முழு அடுக்கு அமைவதில்லை. எஞ்சிய ஆவியை நைட்ரஜனால் வெளியேற்றி, நீராவியைச் செலுத்தினால் ஹைட்ராக்ஸில் தொகுதிகள் மீண்டும் தோன்றும். மறுபடியும் நைட்ரஜன். இவ்வாறு ஒரு சுற்றில் வளர்வது ஏறத்தாழ 0.1 நானோமீட்டர், 10 நானோமீட்டருக்கு 100 சுற்றுகள் வேண்டும்.

இத்தனை பொறுமைக்குத் தேவை என்ன? டிரான்ஸிஸ்டரில் மின்சாரத்தைத் தடுக்கும் ஸிலிகன் ஆக்ஸைடு படலம் 1.2 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தபோது, எலெக்ட்ரான்கள் அதனூடே கசிந்து மின்சக்தியை வீணாக்கின. ஆகவே 2007-இல் இன்டெல் நிறுவனம், இம்முறையில் படிந்த ஹாஃப்னியம் ஆக்ஸைடு படலத்தைக் கையாண்டது. அதே பயனைத் தந்தும் அப்படலம் தடித்தே இருக்கலாம் என்பதால் கசிவு குறைந்தது.

ஆழ்ந்த துளைகளில் அவசரம் உதவாது. முதல் ஆவி முற்றும் வெளியேறுமுன் நீராவி புகுந்தால், இரண்டும் இடைவெளியிலேயே கலந்து ஆங்காங்கே தாறுமாறாகப் படியும், சீர்மை கெடும். டிரைமீதைல் அலுமினியம் காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் இயல்புடையது. எனவே பள்ளி ஆய்வுக்கூடத்தில் இச்சோதனையை எண்ணிப்பார்க்கவும் கூடாது. வீட்டு அலுமினியப் பாத்திரத்தின்மேல் இயற்கையாக அமைந்திருக்கும் சில நானோமீட்டர் ஆக்ஸைடு படலத்தை ஆசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதுவும் ஓரளவு வளர்ந்தபின் பெரும்பாலும் நின்றுவிடுவதே. ஆனால் அதன் காரணம் வேறு.