லேபல் இல்லாத போத்தலும் மின்னஞ்சல் இணைப்பும்



அக்குறணை, மடவளை, உடத்தலவின்ன, கம்பளை என்று கண்டியைச் சூழவுள்ள எமது ஊர்களில், கட்டாரிலும் சவூதியிலும் துபாயிலும் உழைப்பவர்களைக் கொண்ட குடும்பங்கள் ஏராளம். ஒரு காலத்தில் தபாற்காரர் கொண்டுவரும் விமானத் தபாலை எதிர்பார்த்து வாசலில் நின்றோம். இன்று கணவரின் தொழில் ஒப்பந்தம், பிள்ளையின் பல்கலைக்கழகக் கடிதம், உம்மாவின் இரத்தப் பரிசோதனை அறிக்கை, நிக்காஹ் பதிவின் பிரதி எல்லாமே மின்னஞ்சலோடு இணைக்கப்பட்டு வருகின்றன. வீட்டில் ஆண்கள் இல்லாத வேளையில் அவற்றைத் திறந்து பார்க்கும் பொறுப்பு இல்லத்தரசியின் தலையிலேயே விழுகிறது.

அவ்வாறு வரும் இணைப்புகளில் சில திறக்க மறுக்கின்றன. "இதனை எதைக் கொண்டு திறப்பது?" என்று கணனி எம்மிடமே திருப்பிக் கேட்கிறது. அப்போது சிலர் பயந்து அதனை அழித்து விடுகிறார்கள். நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்த பின்னரே அதற்குள் என்ன இருந்தது என்பது தெரிய வருகிறது. வேறு சிலர் அதனை எடுத்துக்கொண்டு டவுனிலுள்ள கொமினிகேஷன் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே முன்பின் அறியாத ஒருவரின் கணனியில் எமது அடையாள அட்டையும், வைத்திய அறிக்கையும், குடும்பப் படங்களும் விரிகின்றன. பிரதி அங்கேயே தங்கிவிடவும் கூடும். குடும்பத்தின் அந்தரங்கம் ஓர் அமானத் அல்லவா? அதனைப் பாதுகாக்க உதவும் சிறிய அறிவைத் தேடிக்கொள்வது எமது கடமையாகும்.

வால் ஏன் காணாமற் போகிறது?

கணனியில் உள்ள ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் இறுதியில் ஒரு புள்ளியும், அதன் பின் மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துகளும் இருப்பது வழக்கம். படமென்றால் ஜேபீஜீ, ஆவணமென்றால் பீடீஎப், வேர்ட் கடிதமென்றால் டொக்எக்ஸ். இந்தப் பின்னொட்டைப் பார்த்துத்தான் விண்டோஸ் கணனி எந்த மென்பொருளை அழைப்பது என்று தீர்மானிக்கிறது. சமையலறைப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைப் போன்றது அது. லேபல் கழன்று விட்டதனால் உள்ளே இருக்கும் சீனி கெட்டுப் போவதில்லை. அது சீனியா உப்பா என்பதுதான் எமக்குத் தெரியவில்லை.

லேபல் கழன்று போவதற்குப் பல காரணங்கள் உண்டு. பழைய ஆப்பிள் மெக்கின்டொஷ் கணனிகள் கோப்பின் வகையை வேறோர் இடத்தில் குறித்து வைத்திருந்ததால், அவற்றில் பெயருக்கு வால் தேவைப்படவில்லை. சிலர் பெயரை மாற்றும்போது வாலையும் சேர்த்து அழித்து விடுகின்றனர். எம்மவர் அடிக்கடி செய்வது இன்னொன்று: பெயரின் கடைசியில் 20.05.2024 என்று புள்ளி வைத்துத் திகதி எழுதுவது. உண்மையான வால் விடுபட்டிருந்தால், கணனி கடைசிப் புள்ளிக்குப் பின்னால் உள்ள 2024 என்பதையே வால் என்று எண்ணி விழிக்கிறது.

ஸனதும் மத்னும்

ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் எமது இமாம்கள் இரண்டு விடயங்களைப் பார்த்தார்கள். ஒன்று ஸனது, அதாவது அதனை அறிவித்தவர்களின் தொடர். மற்றது மத்ன், அதாவது சொல்லப்பட்ட விடயம். ஒரு நல்ல பெயரை மட்டும் கண்டு அவர்கள் மயங்கி விடவில்லை. வரும் செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்பதற்கு சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனமே எமக்கு வழிகாட்டுகிறது. மின்னஞ்சல் இணைப்புக்கும் இந்த ஒழுங்கு நன்கு பொருந்தும்.

முதலில் ஸனது. அனுப்பியவரின் பெயரை மட்டுமன்றி, அவரது மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நாம் எதிர்பார்த்திருந்த கடிதம்தானா என்று சிந்தியுங்கள். அறிந்தவராயினும் ஒரு தடவை தொலைபேசியில் கேட்டு விடுங்கள். மின்னஞ்சலில் தரப்பட்டுள்ள இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம். ஏற்கெனவே உங்களிடம் உள்ள இலக்கத்துக்கே அழையுங்கள். "பீடீஎப் ஆக மாற்றி மீண்டும் அனுப்புங்கள்" என்று கேட்டாலே பெரும்பாலான சிக்கல் தீர்ந்து விடும். எதிர்பாராத இடத்திலிருந்து, அறியாத ஒருவர் அனுப்பியதாயின் அத்தோடு விட்டு விடுங்கள்.

மின்னஞ்சல் தானும் ஒரு சாட்சியத்தைச் சுமந்து வருகிறது. மைம் எனப்படும் விதிமுறை 1992ஆம் ஆண்டு வெளிவந்தது. நதானியேல் போரன்ஸ்டைன், நெட் பிரீட் ஆகிய இருவர் அதனை எழுதினர். படமும் ஒலியும் ஆவணமும் கடிதத்தோடு சேர்ந்து வருவது அதனாலேயே இலகுவானது. பொதியோடு சுங்கப் படிவம் வருவது போல, ஒவ்வொரு இணைப்போடும் அதன் வகை எழுதப்பட்டிருக்கும். கணனியில் ஜீமெயிலைத் திறந்து, கடிதத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, "ஷோ ஒரிஜினல்" என்பதைத் தெரிவு செய்தால் "கொன்டென்ட் டைப்" என்ற வரியில் அதனைக் காணலாம். ஆயினும் சுங்கப் படிவத்தை நிரப்புபவர் அனுப்புபவரே என்பதை மறந்துவிடக் கூடாது.

முதல் எழுத்துகள் சொல்லும் செய்தி

அடுத்தது மத்ன். கோப்பின் ஒரு பிரதியை எடுத்து, அதன் மீது மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, "ஓபன் வித்" மூலம் நோட்பேடில் திறவுங்கள். நோட்பேட் எழுத்துகளைக் காட்டுமேயன்றி எதனையும் இயக்காது. திரை முழுவதும் விளங்காத குறிகள் நிறைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். ஆரம்பத்தை மட்டும் பாருங்கள்.

சதவீத அடையாளமும் அதையடுத்து பீ, டீ, எப் எழுத்துகளும் இருந்தால் அது பீடீஎப் ஆவணம். முதல் வரியில் ஜே, எப், ஐ, எப் என்றோ எக்ஸிப் என்றோ தெரிந்தால் அது ஜேபீஜீ படம். பீ, என், ஜீ என்றால் அதுவும் ஒரு படமே.

பீ, கே என்று தொடங்கினால் அது சிப் எனும் கட்டு. அதனை உருவாக்கிய பில் கட்ஸ் என்பவரின் பெயரெழுத்துகள் அவை. 2007 முதல் வந்த வேர்ட், எக்ஸெல் கோப்புகளும் உள்ளே இத்தகைய கட்டுகளே. சற்றுக் கீழே வேர்ட் என்ற சொல் தென்பட்டால் கடிதமாகவும், எக்ஸ், எல் தென்பட்டால் எக்ஸெல் கணக்காகவும் இருக்கலாம். ஆனால் கைத்தொலைபேசிச் செயலிகளும் பீ, கே என்றே தொடங்குகின்றன. ஆகவே இங்கே ஸனது மிக முக்கியம்.

எம், இஸட் என்று தொடங்கினாலோ அது ஆவணமே அல்ல. கணனியில் இயங்கும் ஒரு மென்பொருள். கடிதம் என்று சொல்லி ஒருவர் அதனை அனுப்பியிருந்தால் உடனே அழித்து விடுங்கள்.

பார்த்து முடிந்ததும் எதனையும் மாற்றாமல், சேமிக்காமல் நோட்பேடை மூடுங்கள். பின்னர் "ரீநேம்" மூலம் பிரதியின் பெயருக்குப் பின்னால் புள்ளியும் உரிய எழுத்துகளும் சேருங்கள். லேபலை மாற்றி ஒட்டுவதால் உப்பு சீனியாகி விடாது. பிழையான வாலைச் சேர்த்தால் கோப்பு திறக்காது, அவ்வளவுதான். கைத்தொலைபேசியிலும் கோப்புகளைக் காட்டும் செயலிக்குள் சென்று இவ்வாறே பெயரை மாற்றலாம். ஆனால் "இன்ஸ்டோல் செய்யவா?" என்று தொலைபேசி கேட்குமானால் வந்திருப்பது கடிதமல்ல. மறுத்து விடுங்கள். வேர்ட் கடிதம் திறந்த பின் "எனேபிள் கொன்டென்ட்" என்று கேட்டாலும் அழுத்த வேண்டாம்.

கோப்பைக் கண்டுபிடித்துத் தருவதாகக் கூறும் அறியாத இணையத்தளங்களில் கடவுச்சீட்டையோ வைத்திய அறிக்கையையோ ஏற்றுவதும், கடைக்காரர் கணனியில் விட்டு வருவதும் ஒன்றே.

பொய் லேபல்

லேபல் இல்லாத போத்தலைக் கண்டால் எவரும் முகர்ந்து பார்ப்பார்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைத்தான் பிள்ளை எடுத்துக் குடித்து விடுகிறது. கணனியிலும் பொய் லேபலே பேராபத்து.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி பிலிப்பைன்ஸிலிருந்து பரவத் தொடங்கிய "ஐ லவ் யூ" வைரஸ் அதற்குச் சான்று. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த இணைப்பு, சாதாரண எழுத்துக் கோப்பின் வாலான டீஎக்ஸ்டீ என்பதோடு முடிவதாகத் தோன்றியது. அதற்கும் பின்னால் வீபீஎஸ் என்ற உண்மையான வால் இருந்தது. விண்டோஸ் அதனை மறைத்து வைத்திருந்தது. நம்பித் திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் அது தானாகவே சென்றது. பிரித்தானியப் பாராளுமன்றம்கூடத் தனது மின்னஞ்சலை நிறுத்த நேர்ந்தது. தெரிந்தவர் பெயரில் வந்ததும் கெட்டதாக இருக்கலாம் என்பதே அதன் பாடம்.

இன்றும் விண்டோஸ் வழமையாக வாலை மறைத்தே வைக்கிறது. "வியூ" பட்டியலில் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் தெரிவு செய்து விட்டால் முழுப் பெயரும் தெரியும். இன்றே செய்து வையுங்கள்.

எமது நாட்டிலும் 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் பல அலுவலகங்களுக்கு இல்லாமற் போயின. அக்காலப் பகுதிக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. ஆகவே முக்கிய ஆவணங்களைத் திறந்ததும் வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள்.

நாம் பிறருக்கு அனுப்பும்போதும் அவர்களைச் சிரமப்படுத்தாதிருப்போம். கோப்புக்குத் தெளிவான பெயர் வைப்போம். திகதியில் புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடு இடுவோம். வாலை அழிக்காமல் விடுவோம். அனுப்பியது என்ன என்பதைக் கடிதத்தில் ஒரு வரியில் எழுதுவோம். வளர்ந்த பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லிக் கொடுங்கள். பதற்றமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். அனுப்பியவரையும் அனுப்பப்பட்டதையும் விசாரித்துத் திறக்கும் கைக்கு, இன்ஷா அல்லாஹ், வால் இல்லாத கோப்பும் வசப்படும்.