வீட்டு கராஜுக்கான வாகன உயர்த்தி

வாகன உயர்த்தி என்பது, காரின் அடியில் வேலை செய்வதற்கோ, ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை நிறுத்தி வைப்பதற்கோ வாகனத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் இயந்திரம் ஆகும். பேச்சு வழக்கில் இது லிஃப்ட் எனப்படுகிறது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த பீட்டர் லுனாட்டி 1925ஆம் ஆண்டில் ஹைட்ராலிக் முறையில் இயங்கும் வாகன உயர்த்தியை உருவாக்கினார். நெடுங்காலம் பழுதுபார்க்கும் நிலையங்களில் மட்டுமே இருந்த இந்த இயந்திரம், இன்று அந்நாட்டில் பல வீடுகளின் கராஜ்களிலும் இடம்பெற்றுள்ளது.

உயர்த்தி வாங்குவோர் பெரும்பாலும் விலையையும், அது எத்தனை டன் தூக்கும் என்பதையும் முதலில் பார்க்கின்றனர். ஆனால் எந்த வகை பொருந்தும் என்பதை உண்மையில் முடிவு செய்பவை கராஜின் கூரை உயரமும் தரையின் தன்மையுமே. இவற்றை அளக்காமல் வாங்கிய உயர்த்தி பயன்படாமல் போகலாம். அல்லது அதன் அடியில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வகைகள்

இருதூண் உயர்த்தி: இரண்டு தூண்களிலிருந்து நீளும் நான்கு கைகள் காரின் அடிச்சட்டத்தைத் தாங்கும். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்குவதால் பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளுக்கு இது மிகவும் ஏற்றது. தூண்களைத் தரையில் போல்ட் போட்டு இறுக்குவது கட்டாயம்.

நான்குதூண் உயர்த்தி: கார் தன் சக்கரங்களிலேயே இரண்டு நீண்ட தடங்களின் மேல் நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கார்களை நிறுத்த இதுவே பொருத்தமானது. எண்ணெய் மாற்றுதல் போன்ற வேலைகளை எளிதாகச் செய்யலாம். சக்கரத்தைக் கழற்ற வேண்டுமானால் தடங்களுக்கு இடையே பொருத்தும் தனி ஜாக்கி தேவைப்படும்.

கத்தரி உயர்த்தி: கத்தரிக்கோல் போல விரியும் சட்டங்களால் ஆனது. நடுத்தர வகை சுமார் 1.2 மீட்டர் வரை உயர்த்தும். விலையும் இடத்தேவையும் குறைவு. ஆனால் அதன் சட்டங்கள் காரின் நடுப்பகுதியை மறைப்பதால் கியர்பெட்டி, புகைக்குழாய் வேலைகள் கடினமாகும்.

கூரை உயரம்

அமெரிக்க வீடுகளில் கராஜின் கூரை 8 அல்லது 9 அடி உயரத்தில் இருப்பது வழக்கம். 9 அடி என்பது சுமார் 274 செ.மீ. 145 செ.மீ. உயரமுள்ள இரண்டு கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த, கார்களுக்கு மட்டுமே 290 செ.மீ. வேண்டும். எனவே 9 அடி கூரையின் கீழ் இது இயலாது. கூரை 11 அடி, அதாவது 335 செ.மீ. எனில் 45 செ.மீ. மிஞ்சும். தடங்களின் கனத்துக்கு 12 செ.மீ. கழித்தாலும் போதிய இடைவெளி கிடைக்கும்.

அடியில் நின்று வேலை செய்வதற்கும் இதே கணக்கு உண்டு. தரைக்கும் அடிப்பகுதிக்கும் 15 செ.மீ. இடைவெளி உள்ள அதே காரின் அடிப்பகுதி 180 செ.மீ. உயரத்துக்கு வர, காரை 165 செ.மீ. தூக்க வேண்டும். அப்போது காரின் மேற்கூரை 310 செ.மீ. உயரத்தில் இருக்கும். 9 அடி கராஜில் சிறிது இடைவெளி விட்டு ஏறக்குறைய 120 செ.மீ. மட்டுமே தூக்க முடியும். நடுத்தரக் கத்தரி உயர்த்தியும் அதே அளவுக்கு உயர்த்தும். ஆகவே அத்தகைய கராஜில் உயரமான இருதூண் உயர்த்திக்குச் செலவிடுவதால் கூடுதல் உயரம் கிடைக்காது. சிறு முக்காலியில் அமர்ந்துதான் வேலை செய்ய வேண்டும்.

கூரையை ஒட்டிச் செல்லும் கதவுத் தடங்கள், கதவைத் திறக்கும் மோட்டார், விளக்குகள் ஆகியவையும் இடத்தைக் குறைக்கும். கதவுத் தடத்தை உயர்த்தி அமைத்து, மோட்டாரைப் பக்கச் சுவருக்கு மாற்றுவது இதற்குரிய வழக்கமான தீர்வு.

தரை

இருதூண் உயர்த்தியில் காரின் முழு எடையும் இரண்டு தூண்களின் அடித்தகடுகள் வழியாகத் தரையில் இறங்குகிறது. அத்துடன் நீண்ட கைகள் தூண்களை உள்நோக்கிச் சாய்க்கப் பார்க்கும். இந்த இழுவிசையைத் தாங்குபவை கான்கிரீட்டில் பதித்த போல்ட்டுகளே. பல தயாரிப்பாளர்கள் குறைந்தது 4 அங்குலம், அதாவது சுமார் 10 செ.மீ. கனமும், சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்த வலிமையும் உள்ள கான்கிரீட்டைக் கேட்கின்றனர். குறிப்பிட்ட மாதிரிக்கான அளவைக் கையேட்டில் பார்ப்பதே சரி. தரையின் உண்மையான கனத்தைச் சிறு துளையிட்டு அறியலாம்.

சில வீடுகளின் தளங்களில் இழுத்து இறுக்கப்பட்ட எஃகுக் கம்பிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றில் துளையிட்டால் கம்பி அறுந்து பெரும் சேதம் ஏற்படலாம். இத்தகைய தளத்திலும், விரிசல் விட்ட தளத்திலும் கட்டடப் பொறியாளரின் கருத்தைக் கேட்காமல் துளையிடக் கூடாது.

தாங்கும் திறன்

இருதூண் உயர்த்தியின் திறன் நான்கு கைகளுக்கும் சேர்த்தே குறிப்பிடப்படுகிறது. 4 டன் உயர்த்தியின் ஒரு கை 1 டன் மட்டுமே தாங்கும். பிக்கப் டிரக் போன்ற வாகனங்களில் எஞ்சின் இருக்கும் முன்புறம் கனமாக இருக்கும். மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் முன்கைகளின் மேல் அளவுக்கு மீறிய சுமை விழலாம். எனவே முன், பின் அச்சுகளின் எடையைத் தனித்தனியே பார்க்க வேண்டும். மின்கார்களில் மின்கலம் அடிப்பகுதியில் பரந்திருப்பதால், தயாரிப்பாளர் குறித்த தூக்குமிடங்களில் மட்டுமே கைகளை வைக்க வேண்டும்.

பாதுகாப்பு

உயர்த்தி ஏறும்போது குறிப்பிட்ட இடைவெளிகளில் இயந்திரப் பூட்டுகள் விழும். தேவையான உயரம் வந்ததும், வாகனத்தைச் சற்றே இறக்கி இந்தப் பூட்டுகளின் மேல் அமர்த்திய பிறகே அடியில் செல்ல வேண்டும். ஹைட்ராலிக் குழாய் கசிந்தாலும் அப்போது கார் கீழே வராது.

வட அமெரிக்காவில் ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பின் சான்று முத்திரை, அந்த மாதிரி தனி ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டதைக் காட்டும். சான்று பெற்ற மாதிரிகளின் பட்டியலை அந்த அமைப்பு வெளியிடுகிறது. ஐரோப்பாவில் இ.என். 1493 என்ற தரநிலை பின்பற்றப்படுகிறது. வாங்கிய பின்னரும் போல்ட்டுகளின் இறுக்கம், எஃகு வடங்களின் தேய்மானம், பூட்டுகளின் இயக்கம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிப்பது அவசியம்.