ஊசியின் விலையும் தறி நிற்கும் நாளும்

காஞ்சிபுரத்தில் கைத்தறியில் கோர்வைப் பட்டுச்சேலை நெய்ய வழக்கமாக இருவர் தேவை. நெசவாளரின் அருகிலமர்ந்து கரைக்கான நாடாவைச் செலுத்தத் துணையாள் ஒருவர் வேண்டும். நெசவாளர் மருத்துவமனைக்குச் சென்றால் துணையாளின் கூலியும் நின்றுபோகிறது. காரைப்பேட்டையில் அண்ணாவின் பெயரில் இயங்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை அருகிலிருப்பது இவ்வூரின் பேறு. ஆயினும், மருந்தின் விலையைப் பேசும் நாம் தறி நிற்கும் நாளைக் கணக்கில் கொள்வதில்லை. ஹார்மோனை அடக்கும் ஊசிகளில் அந்தக் கணக்கு மிக முக்கியமானது.

புராஸ்டேட் புற்றுநோயை வளர்ப்பது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன். விரைகளை அகற்றினால் நோய் தணியும் என்பதை 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் நிறுவினார். 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளையிடும் ஹார்மோனின் அமைப்பை 1971-இல் ஆண்ட்ரூ ஷாலியின் குழு வெளியிட்டது. அதைப் போலச் செய்யப்பட்டவையே லியூப்ரோலைட், கோசெரெலின் ஆகிய ஊசி மருந்துகள்.

இவை செயல்படும் விதம் விந்தையானது. உடலின் இயற்கைக் கட்டளை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டுவிட்டு வரும். ஊசி மருந்தோ ஓயாமல் கதவைத் தட்டுகிறது. சில வாரங்களில் சுரப்பி செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. அதற்குமுன், முதல் ஓரிரு வாரங்களில் ஹார்மோன் உயரவே செய்யும். நோய் முதுகெலும்புக்குப் பரவியவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால்தான் தடுப்பு மாத்திரைகளும் தரப்படுகின்றன.

இதே ஊசி பெண்களின் எண்டோமெட்ரியோசிஸ், கருப்பைக் கட்டிகள், மாதவிடாய் நிற்காதோரின் மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் பயன்படுகிறது. நிறுத்தினால் சினைப்பை பெரும்பாலும் மீண்டும் இயங்கும். எலும்பு தேயும் என்பதால், எண்டோமெட்ரியோசிஸுக்குத் தனியாகத் தரும்போது பொதுவாக 6 மாதங்களே வரம்பு.

2022 செப்டம்பரில் லியூப்ரோலைட் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலிலுள்ள மருந்துக்கு, சந்தையில் 1 சதவீதப் பங்காவது உள்ள நிறுவனங்களின் விலைச் சராசரியுடன் சில்லறை வணிகருக்கான 16 சதவீதத்தைக் கூட்டி உச்சவரம்பு வகுக்கிறார்கள். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இச்சூத்திரம் எனக்கு நிறைவளித்ததில்லை. சராசரி, உச்சியைச் சீவும். அடித்தளத்தில் நிற்பவருக்கு எட்டும் விலையைத் தராது.

விலையில்லாமல் கிடைத்தாலும் மாத ஊசி என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 12 பயணங்கள். மூன்று மாத ஊசியென்றால் நான்கு. பலனில் பெரிய வேறுபாடில்லை. ஆறு மாத ஊசியும் உண்டு. தவணை தவறினால் டெஸ்டோஸ்டிரோன் மீண்டும் தலைதூக்கலாம். எனவே கூலி இழப்புக்கு அஞ்சி ஒத்திவைக்கும் நோயாளி சிகிச்சையின் பலனையே இழக்க நேரிடும்.

நோய் பரவியவர்களுக்கு இன்னொரு வழி, ஹக்கின்ஸ் காட்டிய அதே அறுவை சிகிச்சை. ஆயுளை நீட்டிக்கும் பலனில் அது ஊசிக்குச் சமம், செலவும் ஒருமுறையே. கதிர்வீச்சுடன் குறிப்பிட்ட காலம் மட்டும் ஊசி தேவைப்படுவோருக்கு அது பொருந்தாது. மீள முடியாத இழப்பு என்பதால் பலர் தயங்குவதும் இயல்பே. அந்தத் தயக்கத்தை எள்ளி நகையாடுவது தகாது. ஆனால், இவ்வழி இருப்பதையே அறியாமல் ஒருவர் கடன் வாங்கி ஊசி போட்டுக்கொள்வதை விருப்பத் தேர்வு என்று சொல்ல முடியாது. இரு வழிகளையும் அவற்றுக்கான செலவையும் பயண நாள்களையும் ஒரே தாளில் தமிழில் எழுதி, முதல் ஊசிக்கு முன்பே நோயாளியிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.