‘கேன்’ என்றால் ‘முடியும்’ மட்டும்தானா?

"டீச்சர், கழிவறைக்குப் போக முடியுமா?" நம் உயர்நிலை வகுப்புகளில் தினமும் கேட்கும் கேள்விதான். போக முடியுமா என்பது மாணவனின் காலைப் பொறுத்த விஷயம். அவன் கேட்பது அனுமதி. "போகலாமா?" என்று கேட்டால் போதும்.

இப்படிக் கேட்க வைப்பது ‘கேன்’ என்ற சின்ன ஆங்கிலச் சொல். சிங்கப்பூரில் அது இன்னும் நிறைய வேலை செய்கிறது. தேக்கா ஈரச்சந்தையில் "மூணு வெள்ளிக்குக் கொடுங்கண்ணே, கேனா?" என்றால், "கேன், கேன்" என்று பதில் வரும். மலாய் ‘போலே’யும் இதேபோலத் தனியாக நின்று கேள்வியாகும், பதிலாகும். ‘கேன் லா’ என்றால் உறுதி, ‘கேன் மே?’ என்றால் சந்தேகம். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தேர்வில், மனதுக்குள் ‘கேன்’ வந்தவுடன் கை தானாக ‘முடியும்’ என்று எழுதிவிடுகிறதே, அங்கேதான் சிக்கல்.

"அவளால் நீந்த முடியும்" என்பது தவறில்லை. ஆனால் கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள், இனி நீந்த உடம்பு இடம் கொடுக்கும் என்ற தொனி வருகிறது. கற்றுக்கொண்ட திறனுக்கு "அவளுக்கு நீந்தத் தெரியும்" என்பதே இயல்பு. சுவையான செய்தி என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் ‘கேன்’ என்பதன் மூலச்சொல்லுக்கும் ‘அறிதல்’ என்றுதான் பொருள். சீனம் படிக்கும் நண்பனைக் கேட்டுப் பாருங்கள். கற்ற திறனுக்கு ‘ஹுவெய்’, இயலுவதற்கு ‘நெங்’, அனுமதிக்கு ‘கெயி’ என்று அவனும் பிரித்துத்தான் சொல்வான்.

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். "எம்ஆர்டி ரயிலில் சாப்பிட முடியாது" என்று எழுதுகிறார்கள். ஏன் முடியாது? தாராளமாக முடியும், 500 வெள்ளி வரை அபராதம் வரும், அவ்வளவுதான். விதி சொல்லும்போது "சாப்பிடக் கூடாது" என்று எழுதுங்கள். இங்கே ஒரு பொறியும் உண்டு. "மாலையில் மழை பெய்யக்கூடும்" என்பதற்கு எதிர்மறை "பெய்யக் கூடாது" அல்ல. அப்படிச் சொன்னால் மழைக்கே தடை போட்டதாகிவிடும்! "பெய்யாமல் இருக்கலாம்" என்பதே சரி. ஆனால், "அது உண்மையாக இருக்க முடியாது" என்று ஊகத்தைச் சொல்லும்போது ‘முடியாது’ கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே ‘முடியும்’ வந்தாலே சிவப்பு மையால் சுழிக்க வேண்டாம் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும் மாணவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். "இந்தக் காணொளியில் ஒரு முதியவரை என்னால் பார்க்க முடிகிறது. அவர் தட்டை எடுப்பதை என்னால் பார்க்க முடிகிறது." நான்கு வாக்கியத்துக்குள் மூன்று ‘முடிகிறது’ வந்துவிடும். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் ஆங்கிலம் ‘கேன்’ சேர்க்கிறது. தமிழுக்கு அது தேவையில்லை. "ஒரு முதியவர் தட்டை எடுத்துவைக்கிறார்" என்று நேராகச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டுமானால் "தெரிகிறது". சத்தம் என்றால் "கேட்கிறது".

உதவி கேட்கும்போது "கொஞ்சம் உதவ முடியுமா?" என்பது இன்று எல்லாரும் ஏற்றுக்கொண்ட வழக்கு. "கொஞ்சம் உதவுறீங்களா?" என்பது காதுக்கு இன்னும் இதமாக இருக்கிறது என்பது என் கருத்து.

வகுப்பில் பயிற்சி கொடுக்க ஒரு வழி: வினையை விட்டுவிட்டு, முதலில் எழுவாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ‘முடியும்’ வந்தால் ‘என்னால்’, ‘தெரியும்’ வந்தால் ‘எனக்கு’, ‘-லாம்’ வந்தால் ‘நான்’. "என்னால் வர முடியும்", "எனக்குச் சமைக்கத் தெரியும்", "நான் போகலாமா?" ‘கேன்’ வரும் பத்து ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இந்த மூன்றில் எது பொருந்தும் என்று மட்டும் முதல் நாள் எழுதச் சொல்லுங்கள். முழு வாக்கியம் மறுநாள் எழுதட்டும்.