தள்ளத் தெரிந்த பிள்ளைக்குத் தட்டத் தெரியவில்லை

“டீச்சர், வீட்லதான் எந்நேரமும் போனும் கையுமாக் கெடக்கான். நீங்க வேற பள்ளிக்கூடத்துலயும் கம்ப்யூட்டரத் தொறந்து வைக்கணுமா?”

பாம்பனை ஒட்டிய எங்கள் ஊரில் கணினி வகுப்பு என்று பேச்செடுத்தாலே தாய்மார்கள் கேட்பது இதைத்தான். கேள்வி நியாயமானது. அப்பா விசைப்படகில், அம்மா பாசி எடுக்கக் கடலில். வீட்டில் பிள்ளைக்குத் துணை அந்த போன்தான். திரையை விரலால் தள்ளத் தெரியாத பிள்ளை இந்தக் கரையில் இல்லை. அதைக் கற்றுத்தர ஒரு பள்ளிக்கூடமும் தேவையில்லை. ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு கீபோர்டைக் கொடுத்து “உன் பெயரை அடி” என்று சொல்லிப் பாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு அச்சாகிவிட்டது. சுமார் 23,000 தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை, நடுநிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று அடுத்தடுத்து வந்தன. இதற்கிடையில், 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பிலேயே செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று 2025 அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்தது. எல்லாம் சரி. திறன்மிகு வகுப்பறையில் நடப்பதென்ன? ஆசிரியர் இயக்குகிறார், பிள்ளைகள் பார்க்கிறார்கள். படம் முடிந்ததும் கைதட்டல்.

ராமேஸ்வரத்தைப் பற்றி எழுதினால் அப்துல் கலாம் வராமல் இருக்க மாட்டார். இங்கே அவர் வருவதற்குக் காரணம் உண்டு. பறவை எப்படிப் பறக்கிறது என்று அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபோது தனக்குப் புரியவில்லை என்றார் சிறுவன் கலாம். அன்று மாலையே வகுப்பைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார் ஐயர். இன்று பலகை பளபளவென்று வந்திருக்கிறது. புரியாத பிள்ளைக்கு அது இன்னமும் பலகைதான்.

அதனால் நான் கணினியை மூடிவைத்துவிட்டுத்தான் கணினிப் பாடத்தைத் தொடங்குவேன். பள்ளி முற்றத்தில் சாக்பீஸால் கட்டம் போடுவோம். ஒரு பிள்ளை படகு, மூலையில் ஒரு கட்டம் பாம்பன் துறை. மற்றவர்கள் சீட்டில் கட்டளை எழுதித் தரவேண்டும்: “முன்னால் 3. வலது திரும்பு. முன்னால் 2.” படகுக்குச் சொந்த மூளை கிடையாது, எழுதியதை மட்டும்தான் செய்யும். ஒருமுறை ‘வலது திரும்பு’ என்பதை ஒருவன் விட்டுவிட்டான். படகு நேராகப் போய் வேப்பமரத்தில் முட்டி நின்றது. “டீச்சர், இவ வேணும்னே முட்டுறா!” என்று புகார். “அவ மேல தப்பில்லடா, சீட்டைப் பாரு” என்றேன். சீட்டை வாங்கி, எந்த வரியில் பிழை என்று விரல் வைத்துத் தேடினான். பெரிய மென்பொருள் நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் பாதி நேரம் செய்கிற வேலையும் அதுதான்.

இது என் கண்டுபிடிப்பல்ல. 1967இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பின்னர் அதில் ஓர் ஆமையும் சேர்ந்துகொண்டது. “10 அடி முன்னால், வலது 90 பாகை, இதையே 4 முறை செய்” என்றால் ஆமை சதுரம் வரையும். சதுரத்துக்கு நான்கு பக்கம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, முற்றத்தில் தானே நடந்து வரைந்த பிறகு ‘முக்கோணத்துக்கு எத்தனை பாகை திரும்பணும்?’ என்று கேட்கிறது. அந்தக் கேள்வி வந்த பிறகு கணினியைத் திறந்தால் போதும்.

திறந்ததும் தமிழ்தான். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிற முறையைத் தொடக்கப் பள்ளியில் பழக்கக் கூடாது என்பது என் கட்சி. பாம்பன் என்று எழுத ஒரு பிள்ளை எதற்காக முதலில் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்ட வேண்டும்? தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கம். ப, ஆ, ம, ப, ன, புள்ளி: ஆறே தட்டில் பாம்பன். ம-வுக்கு அடுத்து ப வந்தால் புள்ளி தானாக விழும். ‘அம்மா’வில் ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி வந்துவிடும். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1; இந்த 31 விசைகளில் 247 எழுத்தும் அடக்கம். உயிர்மெய் வரிசையைச் சொல்லத் திணறுகிற பிள்ளைகூட க-வைத் தட்டி ஈ-யைத் தட்டி, கண்ணெதிரே ‘கீ’ பிறப்பதைப் பார்த்துவிட்டால் மறப்பதில்லை. கணினிப் பாடம் என்ற பெயரில் தமிழ்ப் பாடம் நடந்துவிடுகிறது.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு கருவியும் பழக்கம்: அப்பாவின் படகில் இருக்கிற ஜிபிஎஸ். ராமேஸ்வரம் ஏறத்தாழ 9.28 வடக்கு, 79.31 கிழக்கு. ஐந்தாம் வகுப்பில் தசம எண் வரும்போது இந்த எண்களைத்தான் எழுதிப்போடுவேன். இந்திய, இலங்கைக் கடல் எல்லையை 1974, 1976 ஒப்பந்தங்கள் வரையறுத்தன. தண்ணீரில் கோடு தெரியாது, திரையில்தான் தெரியும். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண் மாறினால் என்ன ஆகும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டவர்கள் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் இருக்கவும் இந்த வயதிலேயே பழக்க வேண்டும். கார்த்திகை பிறந்தால் போதும், ‘இன்றிரவு பெரும்புயல்’ என்று எங்கிருந்தோ ஒரு குரல்பதிவு வந்துவிடும். அதை வகுப்பில் போட்டுக் காட்டி, மூன்று கேள்வி கேட்கச் சொல்வேன். யார் சொன்னது? என்றைக்குச் சொன்னது? பாம்பன் துறைமுகத்தில் எத்தனாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறது? மூன்றாவது கேள்வியில் பெரும்பாலான வதந்திகள் உதிர்ந்துவிடும். இதற்கு நெட்டும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

கருவிகளைப் பாதுகாப்பது இங்கே தனிப் பாடு. உப்புக்காற்று உள்ளே போய் இணைப்புகளை அரித்துவிடும். பயந்து பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம் பாழாகும். தினமும் ஓடினால்தான் அந்தச் சூட்டில் ஈரம் காயும். பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடும் என்று சொல்லும் தலைமை ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேரளத்தில் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை ‘களிப்பெட்டி’ என்று கணினிக்குத் தனிப் பாடநூலே உண்டு. வகுப்பறைக் கணினிகளில் ஓடுவது கட்டற்ற மென்பொருள். நாம் அந்த அளவுக்குப் போக நாளாகலாம். இப்போதைக்குக் கேட்பது சின்ன உதவி. படித்த பள்ளிக்கு பீரோவும் மின்விசிறியும் வாங்கித் தருகிற முன்னாள் மாணவர்களே, அடுத்த முறை சில நூறு ரூபாயில் இரண்டு கீபோர்டு வாங்கிக் கொடுங்கள். தமிழ்99 எழுத்துகளை அச்சடித்து ஒட்டிக் கொடுங்கள். மென்பொருளுக்குத் தனியாகச் செலவில்லை, விண்டோசிலேயே இருக்கிறது. ‘உபயம்’ எழுதியே ஆக வேண்டும் என்றால் ஸ்பேஸ்பாரில் எழுதிக்கொள்ளலாம். அங்கேதான் இடம் காலியாக இருக்கிறது.