வரியின் அளவும் வரி விதிக்கும் உரிமையும்: அமெரிக்கக் குடியேற்றங்களின் கிளர்ச்சி (1763–1778)

முன்னுரை

மிகுதியான வரியே மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டும் என்பது பொதுவான கருத்து. வட அமெரிக்காவிலிருந்த பதின்மூன்று பிரித்தானியக் குடியேற்றங்களின் வரலாறு இக்கருத்தை அப்படியே ஏற்க இடந்தரவில்லை. அங்கு வாழ்ந்தோர் செலுத்திய வரி, பிரித்தானியாவில் வாழ்ந்தோர் செலுத்தியதைவிடக் குறைவு. எனினும் அவர்களே 1776இல் விடுதலையை அறிவித்தனர். வரியின் அளவைவிட, அதனை விதிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் வினாவே இக்கிளர்ச்சிக்கு அடிப்படையாயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

போர்க்கடனும் முத்திரைச் சட்டமும்

ஏழாண்டுப் போர் 1763இல் முடிவுற்றபோது பிரித்தானியாவின் பொதுக்கடன் ஏறத்தாழ 13 கோடி பவுண்டாக உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட படையின் செலவில் ஒரு பகுதியைக் குடியேற்றங்கள் ஏற்க வேண்டும் என அரசு கருதியது. இதன் விளைவாக 1765இல் முத்திரைச் சட்டம் இயற்றப்பட்டது. பத்திரங்கள், செய்தித்தாள்கள், உரிமங்கள், சீட்டுக்கட்டுகள் ஆகியவை வரிக்குட்பட்டன.

தம் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவைகளே தம்மீது வரி விதிக்கலாம் என்பது குடியேற்றத்தாரின் வாதம். வாக்குரிமையற்ற ஆங்கிலேயருக்கும் நாடாளுமன்றமே பிரதிநிதியாக விளங்குவதுபோல் இவர்களுக்கும் விளங்குகிறது என்று அரசுத் தரப்பு விடையளித்தது. மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டுலானி இதனை மறுத்தார். இங்கிலாந்தில் வாக்குள்ளவரும் வாக்கற்றவரும் ஒரே வரியைச் சுமப்பதால் இருவர் நலனும் பிணைந்துள்ளது. அமெரிக்கர்மீது விதிக்கப்படும் வரியோ ஆங்கிலேயரைத் தாக்காது. பிறர்மீது சுமத்துந்தோறும் தம் சுமை குறையும் ஓர் அவைக்குத் தடையேது என்பதே இவ்வாதத்தின் உட்பொருள்.

எதிர்ப்பு வலுத்தமையால் 1766இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், எப்பொருள் குறித்தும் குடியேற்றங்களுக்குச் சட்டமியற்றும் அதிகாரம் தனக்குண்டு என்று நாடாளுமன்றம் அப்பொழுதே அறிவித்தது. வரி நீங்கியது, வினா நீங்கவில்லை.

வருவாயின் பயன்பாடு

1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, தாள், தேயிலை ஆகியவற்றின்மீது டவுன்செண்ட் இறக்குமதி வரி விதித்தார். இவ்வருவாயிலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் ஊதியம் வழங்குவது திட்டம். பல குடியேற்றங்களில் அதுவரை பேரவைகளே ஊதியம் வழங்கியதால், ஆளுநர் அவற்றின் சொல்லுக்குச் செவிசாய்க்க நேர்ந்தது. அப்பிடி தளர்ந்தால் தன்னாட்சியே தளரும் என மக்கள் அஞ்சினர்.

மலிவான தேயிலை

1770இல் தேயிலை நீங்கலான பிற வரிகள் நீக்கப்பட்டன. 1773இன் தேயிலைச் சட்டம் புதுவரி எதனையும் விதிக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாக அமெரிக்காவிற்குத் தேயிலை அனுப்ப அது வழிவகுத்ததால் விலை குறைய நேர்ந்தது. கம்பெனியின் தனியுரிமையால் வணிகர் சிலர் இழப்பை அஞ்சினர் என்பதும் உண்மையே. எனினும் மலிவான தேயிலையை வாங்கினால் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரியையும், அதனை விதித்த உரிமையையும் ஏற்றதாகிவிடும் என்பதே பரவலான எதிர்ப்புக்குக் காரணம். 1773 டிசம்பர் 16 அன்று பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. அரசு துறைமுகத்தை மூடியது; 1775 ஏப்ரலில் போர் மூண்டது.

முடிவுரை

வருவாய்க்காகக் குடியேற்றங்கள்மீது இனி வரி விதிப்பதில்லை என நாடாளுமன்றம் 1778இல் சட்டமியற்றியது. 1765இல் இது போதுமானதாக இருந்திருக்கலாம். 1778இல் எவரையும் நிறைவுசெய்யவில்லை. இசைவின்றி விதிக்கப்பட்ட வரியில் தொடங்கிய பூசல் அதற்குள் ஆட்சியுரிமை குறித்த போராக வளர்ந்துவிட்டது. வரியின் நேர்மையை அதன் அளவைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது. செலுத்துவோரின் இசைவும், வருவாய் செலவாகும் நோக்கமும் உடன் கருதத்தக்கவை என்பது இதனால் பெறப்படுகிறது.